மூன்று பெடல் உள்ள கார்

ஸ்காபரோ, டொராண்டோ
19 நவம்பர் 1976, வெள்ளி மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

செண்பகத்தின் வணக்கம். நானும் அப்பாவும் நலம். தாத்தா இப்போது கோல் இல்லாமலே நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும், ஏப்ரல் வரை செல்லுபடியாகும் உங்கள் திரும்பும் டிக்கெட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா கார் வாங்கிவிட்டார். அதை நடந்தது நடந்தபடி எழுதப் போகிறேன். என் பக்கம் தவறாக இருந்த இடங்களையும் மறைக்க மாட்டேன்.

இரண்டே கதவு உள்ள ஸ்போர்ட்ஸ் கார். பின் இருக்கையில் நான் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். இந்த வயதில் இது எதற்கு என்று ஜாபர் மாமா கேட்டதற்கு அப்பா சோழவரம் கதையைச் சொன்னார். கல்யாணமான வருஷம் நீங்கள் இருவரும் கார் பந்தயம் பார்க்கப் போனீர்களாம். அப்பா தூசிக்குப் பயந்து பின்னால் நின்றாராம். நீங்கள் கயிற்றை ஒட்டிப் போய் நின்று, குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினீர்களாம். இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

ஒரே மாதிரி இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு இருந்தன. சிவப்பு ஆட்டோமேட்டிக், பச்சை கியர் வண்டி. நான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து மூன்று நாள் படித்தேன். ஸ்போர்ட்ஸ் காருக்குக் கியர்தான் அழகு, வண்டி நம் கைக்குள் இருக்கும், பெட்ரோலும் மிச்சம் என்று போட்டிருந்தது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இல்லை, இரண்டே பெடல். ஏற்றத்தில் நின்றாலும் சட்டென்று பின்னால் உருளாது. இரண்டு பக்கத்தையும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, சிவப்புதான் வேண்டும் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. பிரிம்லி ரோட்டு ஏற்றத்தில் நம் பழைய வண்டி நின்றுபோனதுதான் காரணம். அன்று நீங்கள் ஊர்ப் பழக்கத்தில் இடது கையால் கியரைத் தேட, கையில் அகப்பட்டது கதவுப் பிடி. வண்டி உருண்டு பின்னால் நின்ற காரில் முட்டியது. “உன்னால முடியாது, விடு!” என்று அத்தனை பேர் நடுவில் அப்பா கத்தினார். அதன் பிறகு நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

போன சனிக்கிழமை ஜாபர் மாமா ஒஷாவாவிலிருந்து வந்தார். அங்கே கார் தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்பதால் என்ஜினைப் பார்த்துச் சொல்ல அப்பா கூப்பிட்டிருந்தார். முதலில் சிவப்பை ஓட்டிப் பார்த்தோம். அப்பாவின் இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடி, அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. மாமாவின் தொப்பி பறந்து கண்ணாடியில் மோதியது. “ஏய்யா சுந்தரம், ஆளைக் கொல்லவா கூட்டியாந்த? அந்தக் காலை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கய்யா!” என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாயிற்று.

பிறகு பச்சை. அப்பா நேரே பிரிம்லி ரோட்டுக்கு ஓட்டினார். அதே ஏற்றத்தில் நடுவில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எடுத்து, உருளாமல் கிளப்பினார். திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, “காவிரிப் பாலத்துக்கு ஏறும்போது மாட்டு வண்டி குறுக்கே நின்னுதே, அங்க உங்கம்மா இப்படித்தானே எடுத்தா?” என்று கேட்டார்.

அம்மா, அது உங்கள் கடிதத்தில் இருந்த வரி. ஊரில் மாமாவின் அம்பாசடரில் தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு நீங்களே அழைத்துப் போனதைச் செப்டம்பரில் எனக்குத்தான் எழுதியிருந்தீர்கள். என் பெயருக்கு மட்டும் வந்த கடிதத்தைக் காட்டலாமா கூடாதா என்று தெரியாமல் புவியியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அவர் எடுத்துப் படித்திருக்கிறார். எத்தனை தடவை என்று தெரியாது.

“பச்சையே எடுத்துக்கிறேன்” என்றார் அப்பா. “புள்ள சிவப்பையில்ல கேட்டுச்சு? அதோட உம்மாவுக்கு ஓட்டவும் தோதா இருக்குமேப்பா” என்றார் ஜாபர் மாமா. “அவ பாலத்துல ஏத்தி ஓட்டுறாய்யா. அவளுக்குப் போய் சிவப்பை வாங்கினா, உன்னால முடியாதுன்னு ரெண்டாந்தடவை சொன்ன மாதிரி ஆயிடும்” என்றார் அப்பா. மாமா தொப்பியைக் கழற்றித் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டார்.

உங்களுக்குப் பயமாக இருக்கும் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். அது தவறு.

வேறு செய்தி. கணக்கில் 91. குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் பழுப்புக் கோட்டை வெயிலில் போட எடுத்தேன். பையில் பிப்ரவரி மாதத்துப் பஸ் சீட்டு ஒன்று இருந்தது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். அப்பா தினமும் வந்ததும் தபால் உண்டா என்று கேட்கிறார். “எனக்குத்தான் வந்திருக்கு” என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வண்டி இன்றுதான் வீட்டுக்கு வந்தது. அப்பா மேலே வரவில்லை என்று காபிக்குக் கூப்பிடக் கீழே போனேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டுகிறவர் இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற இருக்கையை அவருடைய கால் நுழையாத அளவுக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தார். ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டேன். “ரேடியோ சரியாக் கேக்குதான்னு பாக்கிறேம்மா, நீ போ” என்றார். ரேடியோ போடவே இல்லை.

அம்மா, அவருக்கு மனதில் உள்ளதை எழுதத் தெரியாது. என்ஜினியர் கடிதம்தான் எழுதுவார். நீங்கள் அவர் பெயருக்கு நாலு வரி எழுதுங்கள். வருகிற தேதியை எழுத முடிந்தால் ஒரு வரியே போதும். தாத்தாவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தில் மெதுவாகப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்
சு. செண்பகவல்லி

இதை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதினேன். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. இப்போதுதான் கீழே அப்பா கார் விளக்குகளை அணைத்தார்.