பன்னிரண்டாவது டிக்கெட்

கிராஞ்சி, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

மாசிலாமணி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஷிப்யார்டில் வேலையும் குறைவில்லாமல் இருக்கிறது. நீயும் மகள் தாரணியும் மாமாவும் நன்றாக இருக்கவேண்டும். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இரண்டு கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு இதுதான். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் தாரணி படித்துவிடுவாள். அதனால்தான் காகிதம். நாளைக் காலை என் ரூமில் இருக்கும் அர்ஃபான் விமானம் ஏறும்போது எடுத்துக்கொண்டு வருகிறான். ஊர் சேர்ந்ததும் தபாலில் போடுவான். அவன் இருக்கிற நிலையில் இரண்டு நாள் தாமதமானாலும் ஆகலாம்.

இன்று மத்தியானம் நீ அவனோடு போனில் இருந்தபோது இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவனுக்குத் தகவல் வந்தது. அவன் மனைவி ருக்கையாவுக்கு ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், இறங்காவிட்டால் குழந்தையை எடுக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கம்பெனியில் உடனே லீவு கொடுத்துவிட்டார்கள். ஆனால் தீபாவளி வாரம். திருச்சி விமானத்தில் இடமில்லை, சென்னைக்கு ஒரு சீட் கிடைத்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்களெல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது ரயிலில் தட்கல் ஒன்றுதான்.

எங்கள் ரூமில் ரயில் டிக்கெட் என்றால் என் தலைதான். பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் யார் ஊருக்குப் போனாலும் என் கணக்கில்தான் போடுவேன். கூலி என்று ஒரு வெள்ளிக் காசு வாங்கியதில்லை. ஆனால் ஆதார் சேர்க்காத கணக்கில் மாதத்துக்குப் பன்னிரண்டு டிக்கெட்தான் போடலாம். இந்த மாதம் பதினொன்று ஆகிவிட்டது. தட்கலுக்கோ ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம் வேண்டும். சரிபார்க்க ஒரு எண் அனுப்புவார்கள். அது ஆதாரில் பதிந்த போனுக்குத்தான் வரும். அர்ஃபானுடைய பழைய நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய் மூன்று வருடம். மாற்ற வேண்டுமென்றால் நேரில் போய் நிற்கவேண்டும். என் ஊர் நம்பர் உயிரோடு இருக்கிறது, உன் போனில்.

இந்த விதியை நான் பலமுறை திட்டியிருக்கிறேன். இன்று யோசித்தபோது கோபம் வரவில்லை. புரோக்கர்கள் பொய்ப் பெயரில் கணக்கு வைத்து மொத்த சீட்டையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள், அதைத் தடுக்கத்தான் இத்தனையும். மாதாமாதம் பதினொரு டிக்கெட் முன்பின் தெரியாத பெயர்களில் போடுகிறவனை அந்தக் கணினி வேறு எப்படிப் பார்க்கும்? உண்மையில் இந்த ஆள் யார் என்று கேட்கத்தான் செய்யும்.

காலையில் கம்பெனி லாரி இல்லை, பஸ் பிடித்து, ரயில் மாறி ஃபேரர் பார்க் போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது. டிக்கெட் திறப்பது நம்மூர் நேரம் பத்து மணிக்கு, இங்கே பன்னிரண்டரை. நல்ல வைஃபை இருக்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பால் விடாத டீ, இங்கே தே ஓ என்பார்கள், இரண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேசை துடைக்க வந்த அம்மா, குடித்து முடித்தால் எழுந்திருக்கணும்லா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அர்ஃபான் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய் என்று அர்ஃபானிடம் சொல்லவேண்டியதாயிற்று. ஏன் என்று அவன் கேட்கவில்லை. தன் போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். "மதினி, நான் அர்ஃபான். அண்ணனுக்காகக் கூப்பிடல, எனக்காகத்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். நீ கேட்டாய்: "அவரு பக்கத்துலதான் இருக்காரா?" ஆமாம் என்றான். "சரி தம்பி. நம்பர் வந்தா உங்ககிட்டச் சொல்றேன்."

முதலில் வந்த எண்ணைப் போட்டதும், விவரம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. பெயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அர்ஃபான் உன்னிடம் சொன்னதும், நீ யோசிக்கக்கூட இல்லை. "பிறந்த தேதி என்ன போட்டிருக்காரு? அட்டையில ஜூன் ரெண்டு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. நெசமான தேதியைப் போட்டிருப்பாரு." நீ சொன்னதேதான் ஈஸ்வரி. மார்கழியில் பிறந்த தேதியைத்தான் போட்டிருந்தேன். மாற்றினேன். இரண்டாவது எண் வந்தது, ஏற்றுக்கொண்டது. மணி பன்னிரண்டு இருபது.

டிக்கெட் போடும்போது இன்னொரு எண் வரும், வைத்துவிடாதீர்கள் மதினி என்றான். நீ வைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் போன் திறந்தே இருந்தது. உன் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு மாமா யாரையோ கூப்பிடுவது கேட்டது. பொங்கலுக்குப் பிறகு நம் வீட்டுச் சத்தம் இவ்வளவு நேரம் என் காதில் விழுந்தது இன்றுதான். தாரணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு வார்த்தை பேசிவிட்டு, அம்மா குளிக்கிறாங்கப்பா என்று சொல்லி வைத்துவிடுவாள்.

சும்மா இருக்கச் சங்கடப்பட்டு அர்ஃபான்தான், பாப்பா எப்படிப் படிக்கிறா என்று கேட்டான். அப்போது நீ சொன்னதை நானும் கேட்டேன். காலாண்டில் கணக்கில் ஃபெயில் என்றும், பேப்பரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள் என்றும் சொன்னாய். "ஃபெயிலானதுகூடப் பெருசில்ல தம்பி. ஒரு மாசமா என் மூஞ்சியப் பார்த்துப் பாஸுன்னு சொல்லியிருக்கா. எங்கேருந்து வந்துச்சு இந்தப் புத்தி?"

அதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது. மூன்றாவது எண்ணை நீ ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னாய். ஏசி பெட்டியில் பக்கவாட்டு மேல்படுக்கை, உறுதியான டிக்கெட். அர்ஃபான் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நீ, "ருக்கையாவப் பார்த்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவனுக்குக் கேட்கவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

இனி உனக்குச் சொல்லவேண்டியது.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதே வாரத்துக்கு, அதே ரயிலில், நான் மற்றவர்களுக்குப் போட்ட நாலு டிக்கெட்டுக்கும் செய்தி உன் போனுக்கு வந்திருக்கிறது. அவங்களுக்கெல்லாம் கிடைச்ச சீட்டு உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமப் போச்சு என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னவெல்லாம் நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எனக்கு வேறு யாரும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

லிஃப்டிங் சூப்பர்வைசர் கோர்ஸ் பாஸ் என்று போன கார்த்திகையில் சொன்னேனே, அது பொய். ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று வீடியோ காலில் மாமாதான் முதலில் வந்தார். என்ன மாப்பிள்ளை, சூப்பர்வைசரா என்று சிரித்தார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. மறுநாளே தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார் என்று நீ சொன்னாய். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? மறு பரீட்சை பொங்கல் வாரத்தில் வந்தது. எழுதிப் பாஸாகிவிட்டால் பொய்யே உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டு ஊருக்கு வராமல் இருந்தேன். நாலு மார்க்கில் மறுபடியும் போய்விட்டது. இங்கிலீஷில் எழுதுகிற தாள் ஈஸ்வரி. கிரேனில் கொக்கி மாட்ட என் கைக்குத் தெரிந்தது எதையும் அந்தத் தாளில் எழுத வரவில்லை. இன்றும் நான் கொக்கி மாட்டுகிற ரிக்கர்தான். பதினாலு வருடமாகச் செய்கிற அதே வேலை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பதினொரு டிக்கெட்டோடு நிறுத்திக்கொண்டேன். யாராவது கேட்டால் இந்த மாதம் முடிந்துவிட்டது என்பேன். கடைசி ஒன்று எனக்கு. மாதக் கடைசிவரை வைத்துக்கொண்டு, என்ன முகத்தோடு வருவது என்று யோசித்து யோசித்து, போடாமலே விட்டுவிடுவேன். இந்த மாதத்தது அர்ஃபானுக்குப் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதியிலிருந்து மூன்று வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். அது தட்கல் இல்லை, சாதாரண டிக்கெட்; உன்னிடம் எண் கேட்கவேண்டிய அவசியம் இல்லை, நானே போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் நீ வரச் சொல்லாமல் போடமாட்டேன். மாமாவிடம் நீ எதுவும் சொல்லவேண்டாம். வந்தால் முதல் நாளே நானே சொல்லிவிடுகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தாரணியை இதற்கு மேல் திட்டாதே. எங்கிருந்து வந்தது அந்தப் புத்தி என்று கேட்டாயே, இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கப்பா இரண்டு தடவை ஃபெயில், அதைப் பத்து மாதத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்தார், அதனால் ஒரு மார்க்கும் கூடவில்லை என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால், ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். நீ சொன்னால் நம்புவாள். இந்த வீட்டில் பொய் சொல்லாத ஆள் நீ ஒருத்திதான் என்று அவளுக்கும் தெரியும்.

உங்கள் இருவர் நலத்தையும் வேண்டிக்கொண்டு,
மாசிலாமணி