நிறுத்தாத பிரேக்

என் பேத்தியோட தாத்தாவுக்கு, கார் ஷெட்டு ஆளுங்களுக்குச் சமைக்க இவ்வளவு தூரம் வந்த உங்க வீட்டுக்காரி வணக்கத்தோட எழுதுறது. மூச்சிரைப்பு எப்படி இருக்கு? மாத்திரையை இன்னும் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறீங்களா? எனக்குத் தெரியும்.

இங்க எல்லாரும் சுகம். நேத்து ஒரு சின்ன விஷயம் நடந்தது. நம்ம பேத்தி பந்தயத்துக்காக அவ குட்டிக் காருல ஆயில்ல வேலை செய்யுற புது ஹேண்ட்பிரேக் மாட்டியிருக்கா. கரண்டிக் காம்பு மாதிரி நெட்டுக்குத்தா நிக்குது. என்னை உள்ளே உட்காரவெச்சு, "இழுத்துப் பிடி பாட்டி"ன்னு சொல்லிட்டு வண்டிக்கு முன்னால போய்க் குனிஞ்சா. இழுத்தேன். பழசு மாதிரி அப்படியே நிக்கும்னு நினைச்சுக் கையை எடுத்துட்டேன். ஷெட்டு வாசல் சரிவு, வண்டி உருண்டுடுச்சு. அவ துள்ளி விலகிட்டா. வாசல் இரும்புக் கேட்டு மட்டும்தான் நெளிஞ்சுது.

"இது வண்டியை நிறுத்தி வைக்க இல்ல பாட்டி. ஓடும்போது பின்சக்கரத்தைப் பிடிச்சு, வழுக்கித் திருப்ப. விட்டா விட்டதுதான்."

"நிறுத்தாததுக்கு எதுக்குடி பிரேக்குன்னு பேரு?"

அவ சிரிச்சா. ஞாயித்துக்கிழமை பந்தயம். நான் வண்டியை உருள விட்டதை உங்க தம்பிகிட்ட மூச்சு விடாதீங்க, கேலி பண்ணுவாரு. பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுத்து என் முட்டியை உடைச்ச மனுஷன், அதை நான் மறக்கல.

நீங்க செதுக்கின கதவுக் கட்டையை அனுப்பி வைங்க, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கணும். ஓடுற வண்டிக்கு எதை முட்டுக் கொடுக்கிறதுன்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க.

அவ கூப்பிடுறா. பிரேக்கோட ஆயில் குழாயில காத்து நிக்குதாம். நான் பிரேக்கை இழுத்துப் பிடிச்சாதான் அந்தக் காத்தை வெளியே எடுக்க முடியுமாம். போறேன். இந்தத் தடவை விடமாட்டேன்.