ஆரஞ்சு கால்சட்டைக்கு விழுந்த ஓட்டு

திண்டுக்கல்,
16.3.2008, குருத்து ஞாயிறு.

அன்பு மகன் ராயப்பராஜுக்கு, அப்பா மரியசெல்வம் சொல்லச் சொல்ல, நம் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சத்யபிரியா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சவேரியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே கனடாவில், ஓட்டல் அடுப்படிச் சூட்டுக்கும் வெளியே கிடக்கிற பனிக்கும் நடுவில் நீ சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டோம். இன்று வாங்கிய குருத்தோலையில் அம்மா மடித்த சிலுவை ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறோம், வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும், பரவாயில்லை, உன் கட்டில் தலைமாட்டில் செருகி வை. உன் அக்கா இளவேனிலின் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, கைக்கு அகப்பட்டவரை எல்லாம் கடிக்கிறாள், பாதிரியார் விரலையும் விடவில்லை. அகரத்து நிலத்தில் வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது, கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் நல்ல சேதி. இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

போன வாரம் நீ போனில் பேசினாயே, அந்தப் போட்டியில் உன் பெயர் வரவில்லை என்று, அப்போது உன் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. நமக்கு அம்புட்டுத்தான்ப்பா, அடுத்த மாசக் கடைசியில பனியில சறுக்குற கட்டைய வித்துட்டு வேலைய மட்டும் பாக்கப்போறேன் என்றாய். என்னைச் சுற்றி அப்போது தெருவே நின்றுகொண்டிருந்தது, அதனால் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அந்தக் கட்டையை யாரிடமும் கொடுத்துவிடாதே.

அந்தப் போட்டியைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். பனிமலையில் இரண்டு கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கி, மேலே எழும்பி, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்குகிறவர்களில், பெரிய குழுவில் சேராத, பெயர் தெரியாத பையன்கள் ஆளுக்கொரு சின்னப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுவார்கள். உலகத்தில் உள்ளவர்கள் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கின பத்துப் பேரை அடுத்த பனிக்காலம் முழுக்க ஒரு குழுவோடு வைத்துப் பழக்குவார்கள். யாருக்கும் தெரியாமல் கிடக்கிற திறமையை வெளியே கொண்டுவருகிற போட்டி என்று நீ சொன்னாய். ஓட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை எலெக்‌ஷன் பார்த்தவன் நான்.

மேலிருந்து மூணாவது படம் என்னுது என்று நீ போன மாதம் ஒரு வியாழக்கிழமை போனில் சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து அப்படியே எல்லாரையும் சத்யபிரியா கடைக்குக் கூட்டிப்போனேன். பேகம்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் பாயும் வந்துவிட்டார். ஓட்டுப் போட ஆளுக்கு ஒரு ஈமெயில் வேண்டுமாம், சத்யபிரியா உட்கார்ந்து எல்லாருக்கும் செய்து கொடுத்தாள். இட்லிக் கடைக் காளியம்மாளுக்கும் இப்போது ஈமெயில் இருக்கிறது, அது எதற்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு மூன்றாவது படத்தைப் போட்டோம். ஆரஞ்சு நிறக் கால்சட்டை போட்ட ஒருவன், தலையில் ஹெல்மெட், கண்ணை மூடிய பெரிய கண்ணாடி, வாயைச் சுற்றித் துணி, தோல் என்று ஓர் அங்குலம் தெரியவில்லை. பாட்டு முழங்குகிறது, அவன் மேலே எழும்பி மெதுவாகப் புரண்டு இறங்குகிறான், பனி பஞ்சாகப் பறக்கிறது. தெரு கைதட்டியது. காதர் பாய், அப்படியே நம்ம ராயப்பன் சாடை என்றார். நானும் விடவில்லை, அந்தக் கால் எங்க அய்யா கால், நெளிவைப் பாருங்க என்று ஊருக்கே காட்டினேன். உன் அம்மா மட்டும் கதவோரம் நின்று, “இது நம்ம புள்ள இல்ல” என்றாள். கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்து சாட்சி சொல்லாத என்று நான் அடக்கிவிட்டேன். அவள் ஓட்டுப் போடவில்லை. மற்ற எல்லாரும் வரிசையில் நின்று போட்டார்கள். காளியம்மாள் மவுஸைத் தன் கையாலேயே அமுக்கிவிட்டு, விரல்ல மை வைக்கலையே என்று கேட்டாள்.

நீ தோற்ற சேதி வந்த மறுநாள்தான் சத்யபிரியா வீட்டுக்கு ஓடிவந்தாள். அந்தப் பக்கத்தில் படங்கள் நின்ற இடத்திலேயே நிற்காதாம், ஓட்டு வாங்க வாங்க மேலே ஏறுமாம், வாங்காதது கீழே இறங்குமாம். வியாழக்கிழமை மூன்றாவதாக இருந்த நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கோ இறங்கிப் போயிருக்கிறாய், உன் இடத்தில் அந்த ஆரஞ்சுக்காரன் நின்றிருக்கிறான், எங்கள் தெரு மொத்தமும் அவனுக்குக் குத்திவிட்டு வந்திருக்கிறது. பத்துப் பேரில் கடைசி ஆளாக அவன் உள்ளே போனதும் எங்கள் ஓட்டால்தானாம். அது உனக்கு விழுந்திருந்தால் அந்தப் பத்தாவது இடம் உனக்கு வந்திருக்கும் என்கிறாள். இதை எழுதும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அன்றைக்கு அழுதாள், அதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். பிறகு உன் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். வெள்ளைப் பனிக்கு நடுவில் எறும்பு மாதிரி ஓர் ஆள். கிளம்புவதற்கு முன்னால் அந்த எறும்பின் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்குப் போய், இரண்டு தோளையும் தொட்டது. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் பிரேக் இல்லாத சைக்கிளை விடுவதற்கு முன் நீ சிலுவை போடுவாயே, அதற்காக அம்மாவிடம் விளக்குமாற்று அடி வாங்குவாயே, அதே கை. உன் அம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதிலிருந்து நான் காப்பி கேட்பதை விட்டுவிட்டேன், தானாக வந்தால் குடிக்கிறேன்.

ஆக நீ தோற்றது உன் காலால் இல்லை அப்பு, எங்களால். ஆனால் அதை மட்டும் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் அசோக்குமாரைக் கூட்டிவந்து இரண்டு படத்தையும் காட்டினேன். உன்னுடையதை எடுத்தவன் எங்கோ தள்ளி நின்று, வெயிலுக்கு எதிராகப் பிடித்துக் கெடுத்துவிட்டானாம், ஆரஞ்சுக்காரனுடையதில் கேமராக்காரனும் கூடவே சறுக்கி வந்திருக்கிறானாம். நொண்டி நடந்த மாப்பிள்ளையையே நான் ராஜநடை நடக்க வச்சிருக்கேன் பெரியப்பா, பாதி வித்தை கேமராவுக்குள்ளதான் இருக்கு என்று மார்தட்டினான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஆனாலும் அந்தக் குட்டிக்கரணத்தக் கேமரா போட முடியாது, அத அவன்தான் போட்டுருக்கான் என்றும் சொன்னான். நியாயமான பேச்சு. நீயும் போன வாரம் போனில், பத்தாவதா வந்த பையன் நல்லா ஆடுறவன்தான், பழப்பெட்டி அடுக்குற வேலை பாக்குறவன் என்று சொன்னாய். அவனையும் அதுவரை யாருக்கும் தெரியாதல்லவா. அதனால் அந்தப் போட்டி சுத்தப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஒன்று வெளியே வரத்தான் செய்கிறது. எல்லாம் வந்துவிட்டது, இனி பாக்கி இல்லை என்று நினைப்பதுதான் தப்பு.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் ஆடி மாதம், இங்கே மைதானத்தில் கொட்டகை போட்டு ஒருவன் வாரக்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றினான். மைக் செட்டு, ரெக்கார்டு பாட்டு, ஓடுகிற சைக்கிளிலேயே குளியல், நெஞ்சில் டியூப்லைட் உடைப்பு, ஊரே அங்கேதான் கிடந்தது. அப்போது சிறுமலையிலிருந்து வாழைத்தாரைச் சைக்கிளில் கட்டி இறக்கிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவை உனக்குத் தெரியாது. இவனைவிட அவன் பெரிய கெட்டிக்காரன் என்று நாங்கள்தான் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்குள் தள்ளினோம். மைக்கில் பெயர் சொன்னார்கள். பேச்சிமுத்து காலிச் சைக்கிளில் ஒரு சுற்று வந்தான், ஜனத்தைப் பார்த்தான், ஹேண்டில் ஆடியது, மேளக்காரன் மடியில் போய் விழுந்தான். ஊர் சிரித்தது. மறுநாள் தூறல், நானும் ஆடு பிடிக்க அய்யலூர் சந்தைக்குப் போகிற ஒரு வியாபாரியும் மலையடிவாரத்தில் ஒதுங்கி நிற்கிறோம், மேலிருந்து பேச்சிமுத்து வருகிறான். பின்னால் தார்கள், இரண்டு பக்கமும் தார்கள், ஒரு கையில் குடை, மற்றக் கை ஹேண்டிலில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது, வளைவில் வண்டி படுத்து எழுந்திருக்கிறது, ஒரு காய் உதிரவில்லை. வியாபாரி வாயைப் பிளந்துவிட்டு, ஏலே, இத நேத்துக் கொட்டகைக்குள்ள காமிச்சிருக்கலாம்ல என்று கேட்டார். பேச்சிமுத்து குடையை மடக்கிக்கொண்டே, “கொட்டகைக்குள்ள பள்ளம் எங்கண்ணே இருக்கு?” என்றான்.

இந்த வயதில் எனக்குப் பாதி சாமான் வைத்த இடம் மறந்துபோகிறது, அந்தக் குடை மறக்கவில்லை. கொட்டகைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை, நாலு பேர் பார்க்கும்போது செய்வது தனி வேலை, அது அவனுக்கு வந்தது. அதற்காகப் பேச்சிமுத்து விழுந்த மறுநாள் சைக்கிளை விற்கவில்லை. விற்றிருந்தால் சிறுமலைப் பள்ளம் யாருக்கு நஷ்டம், அவனுக்குத்தான். நீ பனியில் இறங்குவது ஓட்டு வாங்கவா, இறங்கப் பிடித்திருக்கிறதாலா, அதை நீதான் சொல்ல வேண்டும். ஓட்டுக்குத்தான் என்றால் கட்டையை விற்றுவிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பிடித்துத்தான் என்றால், சவேரியம்மாளின் கண்ணைத் தவிர வேறு கண்ணே இல்லாத ஒரு தெரு தப்பாகப் போட்ட ஓட்டுக்காக அதை விற்காதே.

எனக்கு ஒன்று வேண்டும். யாரிடமாவது கேமராவைக் கொடுத்து இன்னொரு படம் எடு. பாட்டு வேண்டாம், மெதுவாகப் புரள வேண்டாம், வெட்டி ஒட்ட வேண்டாம். மலை உச்சியில் சிலுவை போடுவதிலிருந்து கீழே வந்து நிற்பது வரைக்கும் ஒரே மூச்சில் இருக்கட்டும், நடுவில் விழுந்தால் விழுந்ததும் இருக்கட்டும். கீழே வந்ததும் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு முகத்தைக் காட்டிச் செத்த நேரம் நில். அதைப் போட்டிக்கு அனுப்பாதே, சத்யபிரியா கடைக்கு அனுப்பு. இந்தத் தடவை ஓட்டு உன் அம்மாவுக்கு மட்டும்தான், ஈமெயில் செய்தாகிவிட்டது, மூக்குக்கண்ணாடியையும் துடைத்து வைத்திருக்கிறாள். அந்த ஆரஞ்சுப் பையனைப் பார்த்தால், அவனுக்குத் திண்டுக்கல்லில் ஒரு தெரு இருக்கிறது என்று சொல், இந்தப் பக்கம் வந்தால் காளியம்மாள் இட்லி கொடுப்பாள்.

தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே. ஈஸ்டர் காலம் முடிவதற்குள் ஒரு நாளாவது கோயிலுக்குப் போ. நீ ஏறுகிற உயரத்திலும் இறங்குகிற பள்ளத்திலும் ஆண்டவர் முன்னே நடக்கட்டும், உன் கை காலை எண்ணி எடுத்த மாதிரி முழுசாகத் திருப்பித் தரட்டும். அம்மாவின் முத்தம், அக்காவின் விசாரிப்பு, அக்கா மகளின் கடி, எல்லாம் உனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா மரியசெல்வம்,
இடது பெருவிரல் ரேகை.

மறக்காதே: ஹெல்மெட்டைக் கழற்றுவது கீழே வந்து நன்றாக நின்ற பிறகு. வரும்போதே கழற்றிவிடாதே, பக்கத்தில் நின்று அம்மா இதை எழுதச் சொல்கிறாள்.