ஓங்கில் போன தூரம்

சரிதா அப்பாவுக்கு,

கும்பிடுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? சரிதாவின் கால்வலி தேவலையா? புதுச்சேரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வைத்திக்குப்பத்தில் கடல் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். நெத்திலிக்கும் முள் எடுத்துத் தின்கிற பிள்ளைகள்!

நேற்று பிரிஸ்கில்லா என்கிற பெண் கம்ப்யூட்டரில் கடலைக் காட்டினாள். சூடான தண்ணீர் சிவப்பாகத் தெரிந்தது. "மேல்தண்ணி சூடானா பொடிமீனு குளிர்ச்சி தேடித் தூரமாப் போயிடும் ஆயா. டால்பினும் இரைக்காகப் பின்னாடியே போயிடும்" என்றாள். நம் ஓங்கிலைத்தான் டால்பின் என்கிறாள்.

நம் பிள்ளை தேசிங்கைக் கடல் கொண்டுபோன வருஷத்து ஆடி மாதத்தைக் காட்டச் சொன்னேன். நம் கரையோரம் முழுக்கச் சிவப்பு.

அன்று படகு கவிழ்ந்து நீங்கள் மட்டும் திரும்பினீர்கள். "கரையோரம் மீனே இல்லடி. ஓங்கில் தூரத்துல மேஞ்சிது, அதான் போனோம்" என்றீர்கள். "பொய்யி! பேராசையில எம்புள்ளய வாரிக் குடுத்துட்ட" என்று ஊரே கேட்கக் கத்தினேன். அதன்பிறகு அவன் பெயரைச் சேர்த்து உங்களைக் கூப்பிட்டதே இல்லை. பதினோரு வருஷம்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உங்கள் தங்கை அன்று சாவு வீட்டில் காபி கேட்டதையும் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது பொய் இல்லை.

இங்கே தலையணை எனக்குப் பழகவில்லை. பெட்டியில் அவன் நீலச் சட்டை இருக்கிறது, அனுப்புங்கள். தலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். மருந்தை வேளைக்குக் குடியுங்கள், தேசிங்கு அப்பா.

அமிர்தவல்லி