வெறுந்தலை

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் நலம், மாமா நலம், அத்தை நலம் அறிய ஆவல் என்று எழுதினால், ஆபீஸ் கடிதமா என்று சிரிப்பாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் மலைப் பறவைதான் இனி நாட்டின் சின்னம். அரசு அச்சகத்தில் எத்தனையோ பேர் வரைந்தார்கள். தேர்வானது நான் வரைந்த படம். இனி அரசாங்கத் தாள் எதை எடுத்தாலும் அதன் உச்சியில் நம் பறவை உட்கார்ந்திருக்கும்.

"மலைக்காரர் வரைஞ்சதாலதான் உயிரோட இருக்கு" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். பிறகு கூட்டமாக டீ குடிக்கக் கிளம்பினார்கள். என்னைக் கூப்பிட மறந்திருப்பார்கள். அறைக்கு வந்ததும், சொல்வதற்கு ஆள் இல்லாமல், கண்ணாடியைப் பார்த்து நானே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் விழா. மாமாவைக் கூட்டிக்கொண்டு வா.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 21

அன்புள்ள ஓவியருக்கு,

கண்ணாடியோடு பேசும் அளவுக்கு வந்துவிட்டீர்களா? நான் இங்கே அடுப்போடு பேசுகிறேன். அதுவாவது அவ்வப்போது புகைந்து பதில் சொல்கிறது.

அப்பாவால் வர முடியாது. படுக்கையை விட்டு எழுந்து பல நாளாகிறது. சேதி சொன்னதும் கண்ணைத் திறந்து, "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே அது நாட்டுக்குப் போயிடுச்சா?" என்றார். அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

அம்மா இறகுமுடியைத் தைத்து முடித்துவிட்டாள். பறவை உதிர்த்ததாகப் பார்த்துப் பார்த்து அப்பா ஆயுள் முழுக்கப் பொறுக்கிய இறகுகள். அதைத் தலையில் வைக்காமல் நம் ஆட்கள் யாரும் மண்ணுக்குள் போனதில்லை என்பதால் அவளுக்கு அவசரம். கண்ணுக்கு ஊசித் துளை தெரிவதில்லை. நூல் கோத்துக் கொடுத்தது நான்தான்.

வனக்காவலர் வந்து ஓர் அறிவிப்புப் படித்தார். நாட்டுச் சின்னமாகிவிட்டதால் அந்தப் பறவையின் இறகை இனி யாரும் வைத்திருக்கக் கூடாதாம். உதிர்க்க வேண்டாம் என்று அதனிடமே போய்ச் சொல்லச் சொல் என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. ஆபீசில் விசாரியுங்கள். முடிந்தால் வந்து போங்கள். வீடு பெரிதாகத் தெரிகிறது.

வாயாடி

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

விசாரித்தேன். அது இறகு விற்கிற வியாபாரிகளுக்காகப் போட்ட சட்டமாம். "உங்க ஆளுங்களை யார் தொடப் போறாங்க?" என்கிறார் மேலதிகாரி. பயப்பட ஒன்றுமில்லை என்று அத்தையிடம் சொல். விழா முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவேன். அதுவரை மாமாவைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

அப்பா போய்விட்டார். தந்தி கொடுத்தோம். விழா நாளில் தந்தியை யார் பிரித்திருப்பார்கள்.

இறகுமுடியை அம்மாதான் வைத்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது வனக்காவலர் எதிரே வந்து நின்றார். அதட்டவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பார்த்தும் விட்டேன்னா என் வேலை போயிடும்," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார். இறகுமுடியை இரண்டு கையாலும் எடுத்தார். அப்பாவின் தலைமயிர் ஒன்றிரண்டு தையலில் சிக்கிக்கொண்டது. அம்மா அவரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லி, மெதுவாக விடுவித்துக் கொடுத்தாள். பிறகு அப்பாவின் தலையை விரலாலேயே கோதிச் சரிசெய்தாள்.

வெறுந்தலையோடு மண்ணில் வைத்தோம்.

காவலரின் சட்டையில் புது வில்லை குத்தியிருந்தது. அதில் உங்கள் பறவை. நன்றாகத்தான் வரைந்திருக்கிறீர்கள்.

வாயாடி

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

எனக்குக் கொடுத்த பூங்கொத்துக்கு அடியில் தந்தி கிடந்தது. மறுநாள்தான் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனேன். அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்று அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இறகுமுடியைத் திருப்பித் தரச் சொல்லி மனுக் கொடுத்தேன். அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதாம். நாட்டின் சொத்து, கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று பதில் வந்தது.

இப்போது தேசிய நாளுக்கு ஒரு சுவரொட்டி போடுகிறார்கள். இறகுமுடி வைத்த மலைப் பெரியவர் ஒருவரின் படம் வேண்டும். கீழே 'இந்த மண்ணின் முதல் மக்கள்' என்று எழுதுவார்கள். வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது. மாமாவை வரையட்டுமா? பறித்துக்கொண்டதைப் படத்திலாவது திருப்பி வைத்துவிடலாம். அத்தைக்கு ஆறுதலாக இருக்காதா? நீ சொல்லாமல் பென்சிலைத் தொட மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

அப்பாவை வரையுங்கள். இறகுமுடி வேண்டாம். எப்படி மண்ணில் வைத்தோமோ அப்படி வரையுங்கள். அதைத் தலையில் வைத்துப் படம் போட்டுவிட்டால், எடுத்தவர்கள் எடுக்காதவர்கள் ஆகிவிடுவார்கள்.

வாயாடி

ஏப்ரல் 5

அன்புள்ள வாயாடிக்கு,

நீ சொன்னபடியே வரைந்தேன். அத்தை கோதிவிட்ட தலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து வரைந்தேன். இந்த அறையில் இத்தனை நாள் கழித்து, துணைக்கு ஒரு ஆள் இருப்பதுபோல் இருந்தது.

மேலதிகாரி நெடுநேரம் பார்த்தார். "முகம் பிரமாதம். ஆனா இறகு இல்லேன்னா இது யாரோ வீட்டுப் பெரியவர். மலைக்காரர்னு எப்படித் தெரியும்?"

"யாரோ வீட்டுப் பெரியவர்தான் சார். எங்க வீட்டுப் பெரியவர்."

அவர் கோபப்படவில்லை. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, படத்தை எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார். அவர் அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, இறகுமுடியைத் தையல்வரை அப்படியே பார்த்து வரைந்து வந்து, மாமாவின் தலையில் வைத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். அச்சுக்குப் போய்விட்டது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை பேருந்து நிலையத்திலிருந்து திரும்ப மாட்டேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே சுவரொட்டி வந்துவிட்டது. வனக்காவலர்தான் கொண்டுவந்தார். எங்களுக்கென்று தனியாக ஒன்று கேட்டு வாங்கி, கசங்காமல் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அம்மா முன்னால் தரையில் விரித்து, நாடு முழுக்க ஒட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அம்மா தாளுக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தாள். முகத்தைத் தடவினாள். பிறகு இறகுகளின் அடியில் விரலை ஓட்டி, "இது என் தையல்," என்றாள். நிமிர்ந்து அவரைக் கேட்டாள்: "அப்ப, அவருக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

காவலர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"குடுத்துட்டோம்மா," என்றார்.

அன்று முதல் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். சுவரொட்டியை அப்பா படுத்திருந்த இடத்துக்கு மேலே ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். நான் இப்போது சமையல்கட்டில் படுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அப்பாவை வெறுந்தலையோடுதான் வரைந்தீர்கள் என்பதை நம்புகிறேன். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் வந்தால் அம்மா உங்களிடமும் கேட்பாள். நீங்களும் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை உங்கள் குரலில் கேட்க என்னிடம் தெம்பில்லை. அதனால் வர வேண்டாம்.

எழுதத் தோன்றினால் எழுதுங்கள். பதில் வராவிட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவர் மகள்