எலும்பு வார்டு வாஷ்பேசின்

மார்ச் 3

இன்றும் அதே. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் இந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அரைநாள் வேலைக்கு ஒப்புக்கொண்டேன். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கிருமி தடவிய தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். எலும்பு வார்டிலிருந்து வந்த சீழில் ஒரு மருந்துக்கும் வளையம் இல்லை. தட்டு முழுக்கக் கிருமி. போன மாதமும் அங்கிருந்துதான் இப்படி ஒன்று வந்தது.

எலும்பு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"உங்க தட்டுல ஏதாவது விழுந்திருக்கும் சார்."

"இருக்கலாம்" என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நான் என்ன, தட்டைத் திறந்து வைத்துவிட்டா தூங்கினேன்?

மார்ச் 5

புதிதாகத் தட்டு ஊற்றி, பழைய தட்டுகளைத் தொடாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். மாற்றமில்லை. தவறு என்னுடையதாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 6

மனைவியின் முழங்கால் மாற்று அறுவைக்கு இருபத்தெட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள். அதே டாக்டர், அதே வார்டு. வேறு ஆஸ்பத்திரி பார்ப்போமா என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"எதுக்கு? அவர் கைராசிக்காரர்னு ஊரே சொல்லுது."

"அங்க ஒரு கிருமி..."

"உங்களுக்குக் கிருமி இல்லாத இடம்னு ஒண்ணு இருக்கா? தாலி கட்டுறதுக்கு முன்னாடியே கையைக் கழுவிட்டு வந்த ஆளு!"

மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்கிறாள். இன்னும் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

மார்ச் 9

மூன்றாவது ஆள். பஸ் டிரைவர், முறிந்த காலில் தகடு வைத்தவர். புண் ஆறவில்லை. அதே கிருமி.

போன மாத நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் மற்ற இருவரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவரிடமிருந்து இவர்களுக்கு நேராகத் தொற்றவில்லை. வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே தங்கிவிட்ட ஏதோ ஒன்றில் இது குடியிருக்கிறது.

மார்ச் 11

வார்டுக்குப் போனேன். கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, வாஷ்பேசின் துவாரம் என்று பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தேன். தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார், கதவுக்கெல்லாம் காது குடையறீங்க?"

அப்போது ஒரு நர்ஸ், டிரிப்ஸ் பாட்டிலில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை அந்த வாஷ்பேசினில் கவிழ்த்தார். ஏன் என்று கேட்டேன்.

"மிச்சத்தோட குப்பைக்குப் போனா பொறுக்கி எடுத்து விக்கறாங்க சார். ஒரு சொட்டு இல்லாமக் கொட்டணும்னு நான் போட்ட ரூல்" என்றார் தலைமை நர்ஸ், பெருமையாக. பெருமைப்பட வேண்டிய விதிதான். வாஷ்பேசின் துவாரத்தில் இன்னொரு குச்சியை விட்டு எடுத்தேன்.

மார்ச் 14

வாஷ்பேசின்தான். அதே கிருமி, அதே வளையமில்லாத தட்டு.

தினமும் மருந்து ஊற்றுகிறோம். தாங்க முடியாதவை சாகின்றன. தாங்குபவை அந்தக் கழிவுக் குழாய்க்குள் பெருகுகின்றன. குழாயைத் திறந்தால் தண்ணீர் துவாரத்தில் மோதித் தெறிக்கிறது. எங்கே? ஒட்டியிருக்கும் மேசையில். ஊசி மருந்து கலப்பது அந்த மேசையில்தான். கை கழுவக் கழுவக் கிருமி! இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 16

ஆஸ்பத்திரியின் மாதக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னேன் என்றா எழுதுவது, முனகினேன். "வாஷ்பேசினை மூடினா கை எங்க கழுவறது?" என்றார் எலும்பு டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமாம். அடுத்த கூட்டம் ஏப்ரலில்.

மார்ச் 18

பஸ் டிரைவரின் காலை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 19

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வார்டுக்குப் போய் வாஷ்பேசினுக்கு முதுகு காட்டி நின்றேன். பேசத் தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. தலைமை நர்ஸ் பாட்டிலோடு வந்தார்.

"நகருங்க சார்."

"மாட்டேன்."

"சார், விளையாடாதீங்க, வேலை கிடக்கு."

"மாட்டேம்மா. இதுல இனிமே ஒண்ணும் ஊத்தக் கூடாது. கையும் கழுவக் கூடாது."

என் குரலா அது? கீச்சென்று வந்தது. டாக்டர் ஓடிவந்தார். என் மனைவியை இந்த வார்டில் படுக்க வைக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"ஓஹோ, உங்க வீட்டம்மாவுக்காகத்தான் இவ்வளவுமா?" என்றார்.

நான் நகரவில்லை. கடைசியில் தலைமை நர்ஸ்தான், "என் ரூலாலயா சார் இதெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டு, பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "வார்டை மூடிடலாம் டாக்டர்" என்றார்.

மார்ச் 20

வார்டை மூடியாகிவிட்டது. இருந்தவர்களை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அறுவைகள் எல்லாம் ரத்து. இவளுடையதும்.

"எங்க அக்கா லீவு போட்டு வர்றதா இருந்தா. எல்லாருக்கும் நல்லது பண்றவருக்கு என் முட்டி மட்டும் கண்ணுல படலை."

மார்ச் 25

வாஷ்பேசினைப் பெயர்த்தார்கள். கழிவுக் குழாய்க்குள் விரல் தடிமனுக்கு வழவழவென்று பாசி மாதிரி. டாக்டர் எட்டிப் பார்த்தார். என் தட்டை நம்பாத மனிதர் பாசியை நம்புகிறார்! இவள் கோபம் இன்னும் தணியவில்லை.

ஏப்ரல் 6

வார்டு முழுக்கத் தடவி எடுத்தவற்றில் அந்தக் கிருமி இல்லை. போன வாரம் எடுத்தபோதும் இல்லை. இல்லை என்றால் இல்லையா, அல்லது நான் தடவாத இடத்தில் இருக்கிறதா? இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 9

டாக்டர் ஆய்வகத்துக்கே வந்தார், முதல் தடவையாக. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மூடுன்னீங்க, மூடினோம். இப்ப சுத்தம்கறீங்க. அப்போ முதல் கேஸ் உங்க வீட்டம்மாவை வச்சுக்கட்டுமா?"

குத்தலா, மரியாதையா, தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாரம் கழித்து மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? நானே நம்பாத முடிவை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்?

"வச்சுக்கங்க" என்றேன். அவர் போனதும் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 20

இவளுக்கு அறுவை முடிந்து இன்று கட்டுப் பிரித்தார்கள். நான் சட்டைப்பையில் பஞ்சுக்குச்சியோடு நின்றேன். டாக்டர் பார்த்துவிட்டார்.

"எதை சார் தடவுவீங்க? புண்ணு காஞ்சு கிடக்கு."

"எடுத்துட்டுப் போகட்டும் டாக்டர்" என்றாள் இவள். "வெறுங்கையோட போனா அவருக்குச் சோறு இறங்காது."

தலைமை நர்ஸ் சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் புது வாஷ்பேசினுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். உறை பிரிக்காத குச்சியைப் பைக்குள் திரும்பப் போட்டேன்.

வெளியே வரும்போது பஸ் டிரைவர் தாழ்வாரத்தில் ஊன்றுகோலோடு நடை பழகிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றார், வழிவிட்டதற்கு.