மாரியப்பனின் பதினோரு ஆடுகள்

ஐப்பசி 14, வெள்ளி. இரவு.

பசுவந்தனைக்கு அருகே மாரியப்பனின் பதினோரு ஆடுகள் ஒரே இரவில் செத்துவிட்டன. பக்கத்து நிலத்துக்காரர் சுப்பையா விஷம் வைத்துவிட்டார் என்று நினைத்து, விடிந்ததும் மாரியப்பன் அவரை அரிவாளால் வெட்டியிருக்கிறார். கால்நடை டாக்டர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது சுப்பையாவைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாரியப்பன் போலீஸ் பிடியில், சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தார்.

அவர் கண் முன்னாலேயே மூன்று ஆடுகளை அறுத்துப் பார்த்தேன். வயிறு நிறைய மழைக்கு முளைத்த இளம்புல். சிறுநீரகம் கூழாகக் குழைந்து விரலிடுக்கில் வழிந்தது. மூன்றிலும் அப்படித்தான்.

"விசந்தானம்மா? நல்லாப் பாருங்க," என்றார்.

"இல்ல அண்ணாச்சி. இது துள்ளுமாரி. உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆடு இளம்புல்லத் தின்னா வர்ற நோய்."

அங்கே நின்ற சுப்பையாவின் அக்கா மண்வெட்டிக் காம்பை எடுத்து மாரியப்பன் முகத்தில் ஓங்கி அடித்தாள். பல் தெறித்தது. "ஏலே, எந்தம்பி என்னல செஞ்சான் ஒனக்கு?" போலீஸ்காரர் இழுப்பதற்குள் இன்னும் இரண்டு அடி.

மாரியப்பன் தடுக்கவே இல்லை. வாயில் ரத்தத்தோடு என்னைக் கேட்டார். "ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்கும்."

"மழைக்கு முன்ன வாரேன்னு சொன்னியளே."

சொல்லியிருந்தேன். தடுப்பூசி மருந்தும் ஃபிரிட்ஜில் இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

சாயங்காலம் சுப்பையா இறந்துவிட்டார்.

அறிக்கையில் தடுப்பூசி போடப்பட்டதா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். காரணம் எழுத அதில் இடமில்லை. இங்கே எழுதுகிறேன். நான் போகவில்லை.